பசு வாங்க முன்னர் எலும்பைப் பாருங்கள்

பட்டியை விட்டுவிட்டு வந்த குடும்பம் மீண்டும் மாடு வளர்க்கத் தொடங்கும்போது, பெரும்பாலும் ஒரு பசுவுக்குத்தான் கையில் காசு இருக்கும். அந்த ஒன்று பிழைத்துப்போனால் மறுபடி தொடங்குவது எளிதல்ல.

எங்களுக்கும் அப்படி நடந்தது. மினுங்கும் தோலையும் உருண்ட உடலையும் கண்டு ஒரு பசுவை வாங்கினோம். கன்று ஈன்ற பின்னரே அதன் முலைக்காம்புகள் போத்தல்போலத் தடித்திருப்பதைக் கவனித்தோம். கன்றால் அவற்றை வாயில் பற்ற முடியவில்லை. கறந்து ஊட்டியும் கன்று தேறவில்லை. நாங்கள் கொழுப்பைப் பார்த்தோமே தவிர உடலமைப்பைப் பார்க்கவில்லை.

கொழுப்பு மாரியில் வரும், கோடையில் போகும். எலும்புக்கட்டு அப்படியல்ல. அது பசுவோடு நிற்கும், கன்றுக்கும் போகும். ஆகவே கோடையில் மெலிந்திருந்தாலும் கட்டு நன்றாக உள்ள பசுவை ஒதுக்க வேண்டாம். அது குறைந்த விலைக்கும் கிடைக்கலாம். ஆனால் மற்ற மாடுகள் கொழுத்திருக்க ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் நோய், குடற்புழு அல்லது தேய்ந்த பல் காரணமாக இருக்கலாம்.

நடக்க விடுங்கள்

கட்டி நிற்கும் மாட்டைப் பார்த்து விலை பேச வேண்டாம். பின்னங்கால் குளம்பு முன்னங்கால் பதிந்த தடத்திலோ அதற்குக் கிட்டவோ பதிய வேண்டும். பின்னால் நின்று பார்க்கும்போது கால்கள் நேராக இருக்க வேண்டும். முட்டிகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. காட்டிலும் தரவையிலும் மேயும் மாட்டுக்குக் காலே முதல்.

பக்கத்திலும் பின்னாலும்

முன்னங்கால்களுக்கு நடுவே அகலமும், ஆழ்ந்த நெஞ்சும், வளைந்து விரிந்த விலாவும் இருந்தால் தீனி எடுக்கவும் மூச்சு விடவும் இடமுண்டு. முதுகு நேராக இருப்பது நல்லது. வாலின் இருபுறமும் உள்ள எலும்புகளுக்கு இடையே அகலம் வேண்டும். அவ்விடம் ஒடுங்கிய பசு கன்று ஈனக் கஷ்டப்படும்.

மடியும் வாயும்

மடி வயிற்றோடு ஒட்டி, பின்னங்கால் முட்டிக்கு மேலே இருக்க வேண்டும். நான்கு காம்புகளும் நடுத்தர அளவாய் இருப்பது நல்லது. ஒவ்வொன்றையும் கறந்து பாருங்கள். மடியில் கட்டி இருந்தால் விட்டுவிடுங்கள்.

கீழ்த்தாடையின் முன்பற்கள் எட்டு. இரண்டு பெரிய பற்கள் ஏறக்குறைய 2 வயதில் வரும். எட்டும் நிறைய 4 வயதைத் தாண்டும். தேய்ந்து இடைவெளி விழுந்திருந்தால் வயது போய்விட்டது.

நிறையை அறிய

தையலுக்குப் பாவிக்கும் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து வாலடி எலும்பு வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 300 ஆல் பிரித்தால் நிறை இறாத்தலில் வரும். சுற்றளவு 50, நீளம் 46 எனில் 383 இறாத்தல். ஏறக்குறைய 174 கிலோ. இது மதிப்பீடுதான், ஆனாலும் நாம்பனை இறைச்சிக்கு விற்கும்போது வியாபாரி சொல்லும் கண்மதிப்பை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை.

நாம்பன் பட்டியில் பாதி

ஒரு பசுவின் குறை அதன் கன்றுகளோடு நிற்கும். நாம்பனின் குறை ஊர்க்கன்றுகள் எல்லாவற்றிலும் வரும். ஆகவே காலும் நெஞ்சும் நல்லதாய், விதைகள் இரண்டும் ஒத்த அளவாய் உள்ளதைச் சில குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கலாம். அதன் பெண்கன்றுகள் பருவமடைய முன்னர் நாம்பனை மாற்றுங்கள். சிறிய உள்ளூர்ப் பசுவின் முதல் ஈற்றுக்குப் பெரிய இனத்தைச் சேர்க்க வேண்டாம். கன்று பெருத்தால் தாயையும் இழக்க நேரலாம். செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு வருபவரிடம் இது முதல் ஈற்று என்று கட்டாயம் சொல்லுங்கள்.

சினை என்று சொல்லி விற்கும் பசுவை மிருக வைத்தியரிடம் காட்டாமல் காசு கொடுக்க வேண்டாம். ஒரு நாள் பிந்துவதால் நட்டமில்லை. எங்களைப்போல் அவசரப்பட்டு, பின்னர் கன்றைப் பார்த்துக் கவலைப்படுவதுதான் நட்டம்.