தலைக்குக் காவல் எது?

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவம் தொடங்கிவிட்டால், பிறநாடுகளில் வாழும் எம்மவர் குடும்பம் குடும்பமாக ஊர் திரும்புவர். வர இயலாதோர் தம் புகைப்படங்களையாவது அனுப்பிவைப்பர். அவ்வாறு ரொறன்ரோ நகரிலிருந்து பேரன் அனுப்பிய படமொன்றை எமது அயலில் வாழும் மூதாட்டியார் எம்மிடம் காட்டினார். செந்நிறச் சிறு கார் ஒன்று; இருவர் மாத்திரமே அமரலாம்; மேலே கூரை இல்லை. பேரன் முகமலர்ச்சியோடு வீற்றிருந்தான். பாட்டியாரின் முகமோ வாடியிருந்தது.

"தம்பி, இது பிரண்டால் என்ரை பிள்ளையின்ரை தலைக்கு என்ன காவல்?" என்று அவர் வினவினார்.

பேரனிடமும் இதையே கேட்டிருக்கிறார். "பயப்படாதேங்கோ அம்மம்மா, கெட்டியான கூரை ஒன்று வாங்கிப் பூட்டப்போறன்" என்பது அவனுடைய மறுமொழி. பாட்டியாரின் கேள்வி சரியானது. பேரனின் மறுமொழிதான் பிழையானது. பலரும் செய்யும் பிழை இஃது ஆகையால், இதனைச் சற்று விளக்குதல் நன்று.

பேரன் வாங்கியது யப்பானிய மஸ்டா நிறுவனத்தின் எம்எக்ஸ்-5 என்னும் கார். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வகைக் கார்கள் 2016ஆம் ஆண்டளவில் பத்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டுவிட்டன. இதற்கு இயல்பாக உள்ளது மடிக்கத்தக்க சீலைக் கூரை. அதற்குப் பதிலாகப் பூட்டத்தக்க, 'ஹாட் டொப்' எனப்படும் வன்கூரையும் உண்டு. அது பனியையும் மழையையும் தடுக்கும். காற்றின் இரைச்சலைக் குறைக்கும். கத்தியால் கிழிக்க இயலாதாகையால் திருடனுக்கும் தடையாகும். இவையெல்லாம் மெய்யே. ஆயினும், ஏறத்தாழ 20 கிலோ நிறையுள்ள அக்கூரை, சில கொளுக்கிகளால் மாத்திரமே காருடன் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தொன் அளவு நிறையுள்ள கார் தலைகீழாகப் புரளும்போது அதனைத் தாங்குவது அக்கூரையின் வேலையன்று.

எமது பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வேய்ந்த கிடுகு வெயிலையும் மழையையும் தடுக்கும். முற்றத்துத் தென்னை முறிந்து வீட்டின்மேல் வீழ்ந்தாலோ, உள்ளிருப்போரைக் காப்பது கிடுகன்று, வளையும் தூணுமே. காருக்கு அத்தகைய வளையாக அமைவதே 'றோல் பார்' என்னும் காப்புவளை. ஆசனங்களின் பின்னே, தலைக்கு மேலாக எழுந்து வளைந்து நிற்கும் உருக்குக் குழாய் அது.

அனுபவமே இதன் தேவையை உணர்த்தியது. பந்தயக் கார்களுள் தலைசிறந்தவையான போர்முலா வண் கார்களில் 1961ஆம் ஆண்டு முதல் இது கட்டாயமாயிற்று. 1965ஆம் ஆண்டில் ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம், அகலமான காப்புவளையைக் காருடன் சேர்த்தே அமைத்து, 'ரார்கா' எனும் பெயரில் அறிமுகஞ் செய்தது. 1989ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் திறந்த காரில், கார் புரளும் நிலையை உணர்ந்ததும் கண்ணிமைக்கும் பொழுதில் தானே மேலெழும் வளை இடம்பெற்றது. அதே ஆண்டில் வந்த, விலை குறைந்த மஸ்டாவில் அத்தகைய காவல் இல்லை. வேண்டுவோர் தாமே தேர்ந்து பூட்டவேண்டும்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். கடைகளில் விற்கப்படும் வளைகளுட் சில வெறும் அலங்காரப் பொருள்கள். மெய்யான வளையின் இலக்கணம் யாது? சர்வதேச மோட்டார்வாகனச் சம்மேளனம் பந்தயக் கார்களுக்கு விதித்துள்ள அளவு நல்ல வழிகாட்டியாகும். குழாய் மூட்டில்லாத உருக்காக இருத்தல் வேண்டும்; விட்டம் 45 மில்லிமீற்றர் எனில் சுவர்த் தடிப்பு 2.5 மில்லிமீற்றர், விட்டம் 50 மில்லிமீற்றர் எனில் தடிப்பு 2 மில்லிமீற்றர். ஒவ்வோர் அடிக்கும் குறைந்தது மூன்று ஆணிகள். தளத்தகட்டைப் பலப்படுத்த, 3 மில்லிமீற்றர் தடிப்பும் 120 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் உள்ள உருக்குத் தகடு. மெல்லிய தளத்தில் வெறுமனே ஆணி முடுக்கினால், கார் புரளும்போது வளை தகட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும்.

உயரத்தைச் சோதிக்கத் தும்புத்தடி ஒன்றே போதும். சாரதி ஆசனத்தில் அமர்ந்திருக்க, வளையின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிவரை தடியை நேராக வையுங்கள். தலை அத்தடிக்கு இரண்டு அங்குலமாவது கீழே இருத்தல் வேண்டும். தலை தடியில் முட்டுமாயின் அந்த வளை அவருக்குக் காவலன்று. ஆசனத்தைத் தாழ்த்த வேண்டும். அன்றேல் உயரமான வளையை நாட வேண்டும்.

வளையே பகையாவதும் உண்டு. பந்தயக்காரர் தலைக்கவசம் அணிவர். வீதியில் செல்வோர் அணிவதில்லை. பின்னால் வரும் வாகனம் மோதினால், வெறுந்தலை இரும்பில் அறையக்கூடும். ஆகவே தலைக்கும் வளைக்குமிடையே போதிய இடைவெளியும், ஆசனத்தில் தலைதாங்கியும், வளையின்மீது இதற்கெனச் செய்த கடினமான மெத்தையுறையும் வேண்டும். மென்மையான பஞ்சு பயன் தராது. ஆசனப்பட்டி அணியாதவருக்கோ எந்த வளையும் உதவாது. வளை தாங்கும் இடத்தில் உடலை இருத்துவது பட்டியே.

வன்கூரையும் வேண்டுமெனில், வளையை முதலில் பூட்டி, அதன்மேல் கூரை பொருந்துமா, மடித்த சீலைக் கூரை இடிபடுமா என்று பார்த்த பின்னரே வாங்குதல் முறை. மாறிச் செய்தால் இருமுறை பணம் செலவாகும்.

எமது ஊருக்கும் இதில் பாடமுண்டு. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனரில், கூரை மடிக்கும் வகையும் 1969 வரை செய்யப்பட்டது. இறக்குமதித் தடைகளும் போரும் யாழ்ப்பாணத்தாரைப் பழைய கார்களைப் பேணக் கற்பித்தன. பெற்றோல் கிடையாத 1990களில் மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டிய கைவினைஞர் எம்மவர். அத்தகைய கைகளுக்கு வளையொன்றை வளைப்பது அரிதன்று. ஆயினும் படலைக்கு வாங்கிய குழாய் உயிரைத் தாங்காது; காரின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விதிகளைக் கேட்டறிவதும் கடமை.

இவற்றையெல்லாம் பேரனுக்கு எழுதினோம். அவன் கூரையைப் பின்போட்டு, முதலில் வளையைப் பூட்டுவித்தான். புதிய படம் வந்தது; அவன் தலைக்குப் பின்னே கரிய வளை எழுந்து நின்றது. பாட்டியார் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி தம்பி, தும்புத்தடி வைச்சுப் பார்த்தவனோ?" என்றார்.

அந்தக் கேள்வியையும் அன்றே எழுதி அனுப்பினோம்.