படலையடிக் கதை

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு வீட்டுக்குப் போனால் விறாந்தையில் பேசுவதெல்லாம் ஊர்ப்புதினம்தான். தேத்தண்ணி குடித்து, "அப்ப வாறன்" என்று எழும்பி, சைக்கிளைப் பிடித்தபடி வாசல் படலையடியில் நிற்கும்போதுதான் வந்த காரியம் வெளியே வரும். கடன், கலியாணம், காணிச் சண்டை எல்லாம் படலையடிக் கதைகள்.

அலுவலகங்களில் இப்போது மேலாளரும் ஊழியரும் தனியே இருந்து பேசும் 'வன் ஒன் வன்' சந்திப்பில் இல்லாதது இந்தப் படலைதான். மேலாளரின் கண் கணினியில் இருக்கும். "வேலை எவ்வளவு முடிஞ்சுது? ஏதும் பிரச்சினையோ?" "இல்லை சேர்." அவ்வளவுதான். அடுத்த மாதம் விலகல் கடிதம் வரும். அந்த ஊழியர் ஒரு வருடமாகக் கனடாவுக்குப் போக ஆயத்தம் செய்தது பக்கத்து மேசைக்குத் தெரியும். மேலாளருக்கு மட்டும் தெரியாது.

1983இல் வெளியான 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்' நூல், இந்தச் சந்திப்பு ஊழியருடைய கூட்டம் என்கிறது. பேச வேண்டியதை அவரே எழுதி வர வேண்டும். ஒரு மணித்தியாலமாவது ஒதுக்க வேண்டும். மனதை அழுத்தும் விடயம் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வந்து விழும் என்றும் அது எச்சரிக்கிறது. ஹங்கேரியிலிருந்து அகதியாக அமெரிக்கா போய் இதை எழுதியவர், நம் படலையைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டார்!

உரும்பிராய்ச் செம்மண்ணில் கிணற்றில் இறைக்கத் துலா இருந்த காலத்தில் ஒருவர் மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறுவார். மிதிப்பவரின் கால் தளர்ந்தால் வாய்க்காலில் நீர் மெலியும். தண்ணி மாறுபவர் கேளாமலே அறிவார். கணினியில் வேலை செய்பவரின் களைப்புக்கு அப்படியொரு வாய்க்கால் இல்லை. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

ஆகவே வேலைக் கணக்கை மின்னஞ்சலுக்கு விடுங்கள். "இங்கை உமக்கு அலுத்துப்போன வேலை எது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது அடுத்த சந்திப்புக்கு முன் செய்து காட்டுங்கள். செய்யாவிட்டால் மறுபடியும் "இல்லை சேர்"தான்.

இருபது பேரோடு இப்படி இருந்தால் வேலை எப்போது நடக்கும் என்பார் சிலர். நியாயம்தான், எல்லோரையும் ஒரே கிழமையில் சந்திக்க வேண்டியதில்லை.

போகிறவரை மறிக்க முடியாது. ஆனால் ஆறு மாதம் முன்னரே காதில் விழுந்திருந்தால், அவர் பக்கத்தில் இருந்து இன்னொருவர் வேலை பழகியிருப்பார். அலுப்புத்தான் காரணமென்றால் அதைத் தீர்க்கவும் அவகாசம் கிடைத்திருக்கும். அடுத்த சந்திப்பு முடிந்ததும் கணினியை மூடிவிட்டு, வாசல் வரை அவரோடு நடந்து போய்ப் பாருங்கள்.