தைலப் புட்டியைத் திறக்குமுன்…

பழனியில் முருகனைத் தரிசிக்கிறோம். அப்படியே மலையேறிக் கொடைக்கானல் போகிறோம். திரும்பும்போது பையில் ஒரு புட்டி யூகலிப்டஸ் தைலம்!

வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் அந்தப் புட்டியைத் தேடுகிறோம். அதற்குமுன் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அகமும் புறமும்

சித்த வைத்தியத்தில் அக மருந்து 32 வகை. புற மருந்து 32 வகை. அகம் என்றால் உள்ளே. புறம் என்றால் வெளியே.

சூரணம், லேகியம், குடிநீர் ஆகியவை அக மருந்துகள். இங்கே குடிநீர் என்பது கஷாயம். பானைத் தண்ணீர் அல்ல! பற்று, ஒற்றடம், வேது ஆகியவை புற மருந்துகள். வேது என்றால் ஆவி பிடிப்பது.

டாக்டர் தரும் மருந்திலும் இதே கணக்குதான். மாத்திரை உள்ளே, களிம்பு வெளியே. புட்டியில் "வெளி உபயோகத்திற்கு மட்டும்" என்று போட்டிருந்தால் அது புற மருந்து.

ஒரு வாய் போதும்!

யூகலிப்டஸ் தைலமும் புற மருந்தே. இலையிலிருந்து வடித்ததுதானே என்று குடித்துவிடக் கூடாது. குழந்தை ஒரு வாய் விழுங்கினாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். சின்னக் குழந்தைகளின் மூக்கருகில் தடவுவதும் ஆபத்து.

தவறி விழுங்கிவிட்டால் என்ன செய்வது? வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். புட்டியையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மருந்து எதுவானாலும் முதலில் கேளுங்கள்: "இது அகமா, புறமா?"

தைலப் புட்டி இருக்கவேண்டிய இடம், குழந்தைக்கு எட்டாத உயரம்!