கழிவு கொடுப்பது குற்றமா?

சென்ற மாதப் பேச்சின்போது ஒரு நேயர் தொலைபேசியில் வந்து, "கழிவு கொடுப்பது எப்படி ஐயா குற்றமாகும்? விலை குறைந்தால் எங்களுக்கு நல்லதுதானே?" என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டதால் அரைகுறையாகப் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நூறு மூட்டை அரிசி எடுத்தால் மூட்டைக்கு ஒரு டொலர் குறைப்பேன் என்று மொத்த வியாபாரி சொன்னால் அது வியாபாரம். "வேறொருவரிடம் பத்து மூட்டை எடுத்தாலும் வருடம் முழுவதற்குமான கழிவு போய்விடும்" என்றால் அது வேறு கதை. ஊரில் முக்கால்வாசி அரிசி அவரிடம்தான் இருக்கிறது என்றால், கடைக்காரர் என்ன செய்வார்?

கணினிச் சில்லு தயாரிக்கும் இன்டெல் மீது ஐரோப்பிய ஆணையம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். 2009 மே மாதம் 1.06 பில்லியன் யூரோ தண்டம் விதித்தது. போட்டிக் கொம்பனியான ஏஎம்டி, ஒரு கணினித் தயாரிப்பாளருக்கு ஒரு மில்லியன் சில்லுகளை இலவசமாகவே தர முன்வந்ததாம். அவர் எடுத்துக்கொண்டது 160,000 மட்டும். முழுவதையும் எடுத்திருந்தால், மற்றச் சில்லுகளுக்கு இன்டெல் தந்த கழிவை இழந்திருப்பார்.

கணக்காளனான என்னை அதிகம் உறுத்தியது டெல் விவகாரம். 2006 வரை டெல் இன்டெல் சில்லுகளை மட்டுமே பயன்படுத்தியது. (என் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது.) அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழுவின் குற்றச்சாட்டுப்படி, ஏஎம்டியை ஒதுக்கி வைப்பதற்காக இன்டெல் கொடுத்த பணம், டெல்லின் 2003 நிதியாண்டுச் செயற்பாட்டு இலாபத்தில் 10 வீதம். 2006 நிதியாண்டில் 38 வீதம். அடுத்த நிதியாண்டின் முதல் காலாண்டில் 76 வீதம்! டெல் ஏஎம்டி பக்கம் போனதும் பணம் குறைந்தது, இலாபமும் சரிந்தது. உண்மைக் காரணம் பங்குதாரருக்குச் சொல்லப்படவில்லை. 2010இல் டெல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், 100 மில்லியன் டொலர் கட்டி வழக்கை முடித்தது. இன்டெல்லோ 2009 நவம்பரிலேயே ஏஎம்டிக்கு 1.25 பில்லியன் டொலர் கொடுத்துச் சமாதானமாகியிருந்தது.

ஆனால் அந்த நேயரின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2022இல் அந்தப் பெரிய தண்டத்தை இரத்துச் செய்தது. அதே அளவு திறமையுள்ள போட்டியாளரை இந்தக் கழிவு வெளியேற்றக்கூடியது என்று ஆணையம் கணக்குப் போட்டுக் காட்டியதில் பிழைகள் இருந்தனவாம். 2024 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எங்கள் தொழிலில் கூட்டல் கழித்தலுக்கு இவ்வளவு மதிப்புக் கிடைப்பது அபூர்வம்.

ஏஎம்டி சில்லு பூட்டிய கணினிகளைத் தாமதப்படுத்தவோ நிறுத்தவோ எச்பி, ஏசர், லெனோவோ ஆகியவற்றுக்கு இன்டெல் கொடுத்த பணம் கழிவுக் கணக்கில் சேராது. அதற்காக மட்டும் 2023இல் ஆணையம் புதிதாக 376 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது.