பட்டறையில் செல்லும், பாசறையில் செல்லாது

ஷிப்டு மாறும் நேரத்தில் ஒரகடம் பக்கம் போனால், கம்பெனி பஸ்களுக்கு வழிவிட்டு நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். கேட்டில் ஐ.டி. கார்டைப் பார்த்து, பையைத் திறக்கச் சொல்கிறவர்களில் எக்ஸ்-சர்வீஸ்மேன்களும் உண்டு. சட்டை மடிப்பு கலையாது. பெரிய அதிகாரியின் கார் வந்தால் கை தானாக நெற்றிக்குப் போகும். ராணுவத்தில் பாதி, கம்பெனி செக்யூரிட்டியில் மீதி என்று ஓடும் வாழ்க்கை. அதில் ஒரு விஷயத்தில் மட்டும் முதல் பாதியின் விதி வேறு, இரண்டாம் பாதியின் விதி வேறு. அவர்களில் ஒருவர் தன்பாலீர்ப்பாளராகவோ இருபாலீர்ப்பாளராகவோ இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்த விஷயம்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. பாலீர்ப்பைக் காரணம் காட்டி எந்தத் தொழிலாளியிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்பது ஆப்பிள் தன் சப்ளையர்களுக்கு எழுதி வைத்திருக்கும் விதி. அதனாலேயே கேலியும் கிசுகிசுவும் நின்றுவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். ஆனாலும் எடுத்துக் காட்ட ஒரு காகிதமாவது இருக்கிறது.

ராணுவத்தில் இருக்கும் காகிதம் எதிர்ப்பக்கம் பேசுகிறது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, 'இயற்கைக்கு மாறான' இழிநடத்தைக்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது. தன்பாலீர்ப்பு என்ற பேச்சே அதில் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் எதையும் அடைக்கலாம்.

2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், வயது வந்த ஒரே பாலினத்தவர் மனமொத்துச் சேர்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கே மாதம். 2019 ஜனவரி 10 அன்று அப்போதைய ராணுவத் தளபதி பிபின் ராவத், ராணுவத்தில் இதற்கு இடமில்லை, ராணுவச் சட்டப்படி நடவடிக்கை தொடரும் என்றார். ராணுவம் பழமையில் ஊறியது, நவீனமாகவும் இல்லை, மேற்கத்திய மயமாகவும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த பத்தாவது நாள் திருச்சியில் தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டது. சென்னை அதில் ஒரு முனை. தளவாடம் மட்டும் நவீனமானால் போதும் போலிருக்கிறது.

மேஜர் ஜே. சுரேஷ் 2010இல் ராணுவத்திலிருந்து விலகியவர். தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். அவர் கதையின் தாக்கத்தில் இயக்குநர் ஓனிர் எழுதிய திரைக்கதைக்கு, 2022 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் தடையில்லாச் சான்று தர மறுத்தது. நிஜத்தில் மட்டுமல்ல, திரையிலும் அப்படியொரு சிப்பாய் இருக்கக் கூடாது!

கட்டுப்பாடு குலையும், ஒரே பாசறையில் படுத்து எழும் வாழ்க்கைக்கு ஒத்துவராது என்பது எதிர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதியில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். அங்கேயும் அறையைப் பகிர்ந்துதான் வாழ வேண்டும். யாருக்கு யார்மேல் விருப்பம் என்று விசாரித்தா இடம் ஒதுக்குகிறார்கள்? அத்துமீறினால் தண்டிக்க விதி இருக்கிறது, அது போதும். போர்முனை வேறு என்று சொல்லலாம். போர் ஓயாத இஸ்ரேல் 1993இலேயே கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டது. அமெரிக்கா 13,000 பேருக்கு மேல் வெளியேற்றிய பிறகு, 2011 செப்டம்பரில் தடையை விலக்கியது.

நமக்கு இந்தச் சட்டத்தின் அச்சைக் கொடுத்துவிட்டுப் போன பிரிட்டனைக் கேளுங்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தோற்று, 2000 ஜனவரியில் தடையை நீக்கியது. 2023 ஜூலையில் பிரதமர் ரிஷி சுனக், பழைய வீரர்களிடம் நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். இழப்பீட்டுக்கு ஒதுக்கியது 7.5 கோடி பவுண்டு.

படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. சுருக்கியதை விரிக்க வேண்டியதும் அங்கேதான். ஸ்ரீபெரும்புதூர் எம்.பி. டி.ஆர்.பாலு அவையின் மூத்த உறுப்பினர். ராணுவச் சட்டத்தின் 46ஆவது பிரிவில் 'இயற்கைக்கு மாறான' என்ற சொல் இன்னும் எதற்கு என்று பாதுகாப்பு அமைச்சரிடம் அவர் ஒரு கேள்வி எழுப்பலாம்.