ஒதுக்கு: ஒரு சொல்லாராய்ச்சி

ஒன்றைத் தொகுதியினின்றும் பிரித்து வைத்தலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் 'ஒதுக்கு' என்பது தனித்து ஆராயத்தக்கது. 'நீக்கு' என்பது அகற்றுதலையே உணர்த்தும். 'ஒதுக்கு' என்பதோ கொடுத்தலையும் உணர்த்தும், கைவிடுதலையும் உணர்த்தும். ஒரு சொல் இங்ஙனம் முரணிய இரு பொருள்களைத் தாங்குமாறு யாதென ஈண்டு ஆராய்வோம்.

அடங்கு, அடக்கு எனவும், நீங்கு, நீக்கு எனவும் வருதல் போல, ஒதுங்கு என்னும் தன்வினை மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் திரிந்து ஒதுக்கு எனப் பிறவினையாயிற்று. சங்கச் செய்யுட்களில் ஒதுங்குதல் நடத்தற்பொருளிலும் வரும்; ஒதுக்கம் என்பது நடையைக் குறிக்கும். மழைக்குத் திண்ணையில் ஒதுங்குதல் என்னும் இன்றைய வழக்கிலும் இடம்பெயர்தற் கருத்து நின்று நிலவுகின்றது. எனவே, இவ்வினை பெயர்ச்சியை மட்டுமே கூறுவது; உயர்வு தாழ்வு அதன்கண் இல்லை என்பது போதரும்.

அவ்வாறாயின் பொருள் வேறுபாடு எங்கிருந்து வருகின்றது? வேற்றுமை உருபிலிருந்து வருகின்றது. 'விருந்தினர்க்குப் பலாச்சுளையை ஒதுக்கினாள்' என்புழிப் பொருள் இரண்டாம் வேற்றுமையும், அதனைப் பெறுவார் நான்காம் வேற்றுமையும் ஏற்றனர். 'ஊரார் அவனை ஒதுக்கினர்' என்புழி மனிதனே இரண்டாம் வேற்றுமை ஏற்றான். இலையோரத்தில் ஒதுக்கப்படும் கறிவேப்பிலையின் நிலையை அவன் எய்தினான். நன்னூலார் நீத்தலை இரண்டாம் வேற்றுமைப் பொருள்களுள்ளும், கொடையை நான்காம் வேற்றுமைப் பொருள்களுள்ளும் வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது.

இவ்வேறுபாடு இலக்கணத்தளவில் நில்லாது வாழ்க்கையையும் தழுவுவது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 16ஆம் உறுப்பின் 4ஆம் கூறு பிற்பட்ட வகுப்பினர்க்கு அரசுப் பணிகளில் இடம் ஒதுக்க வழி செய்தது. 1951இல் முதல் திருத்தத்தால் சேர்ந்த 15ஆம் உறுப்பின் 4ஆம் கூறு கல்வி நிலையங்களிலும் அதற்கு இடந்தந்தது. மக்களை ஒதுக்கியதால் நேர்ந்த தீங்குக்கு, மக்களுக்கு ஒதுக்குதல் மருந்தாயிற்று. நோயையும் மருந்தையும் ஒரே வினை குறிக்க, 'ஐ' என்பதும் 'கு' என்பதுமே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன.

உருபு மறையுமிடத்து மயக்கம் தோன்றும். 'ஒதுக்கப்பட்ட குடியிருப்பு' என்பது அரசு வழங்கிய வீடுகளையும் குறிக்கலாம். ஊர் புறந்தள்ளிய சேரியையும் குறிக்கலாம். 'ஒதுக்கீடு' என்னும் பெயரோ வழக்கு மிகுதியால் பங்கிட்டளித்தற்கே உரியதாயிற்று. ஆகவே அதன்கண் இம்மயக்கம் இல்லை.

ஆதலின், அகராதி தொகுப்போர் இவ்வினைக்குப் பொருள்களை வரிசைப்படுத்துவதோடு அமையாது, ஒவ்வொரு பொருளும் எவ்வுருபு பற்றி வருகின்றது என்பதனையும் உடன் குறித்தல் வேண்டும். சட்டங்களையும் ஆவணங்களையும் மொழிபெயர்ப்போர்க்கும் அக்குறிப்பு இன்றியமையாதது. யாரை ஒதுக்கினர், யாருக்கு ஒதுக்கினர் என்னும் இரு வினாக்களுக்கும் விடை தெளிந்த பின்னரே இச்சொல்லின் பொருள் முற்றுப்பெறும்.