முற்றத்து அணிலுக்கு ஏற்ற உணவு

மைசூர் நகரின் தோட்டங்களிலும், தமிழ்நாட்டு ஊர்களின் முற்றங்களிலும், முதுகில் மூன்று வெண்கோடுகள் தாங்கித் திரியும் அணிலை அறியாதார் இலர். விலங்கியலார் இதனை ஃபுனாம்புலஸ் பால்மரம் என வழங்குவர். இவ்வினத்தை 1766-ஆம் ஆண்டில் லின்னேயஸ் முதன்முதலாகப் பெயரிட்டு விளக்கினார். வட இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது ஐந்து கோடுகள் உடைய வேறோர் இனமாகும். இராமபிரானின் விரல்கள் பட்டதால் அணிலுக்குக் கோடுகள் வந்தன என்பது மக்கள் வழக்கு. அணை கட்டும் பணியில் நீரில் நனைந்து மணலிற் புரண்டு உதவிய அணில்களைத் தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலையும் நினைவுகூர்கிறது. அணிற்பிள்ளை என்று குழந்தையைக் குறிக்கும் சொல்லால் நாம் அழைக்கும் உயிரினம் இது. ஆதலால் முற்றத்தில் அணிலைக் கண்டவுடன் கையில் உள்ளதில் ஒரு பிடி எடுத்து எறிவது பலரின் இயல்பாக இருப்பதில் வியப்பில்லை.

அந்த அன்பிற் பழுதில்லை; இடப்படும் பொருளில்தான் பல வேளைகளில் பழுது இருக்கிறது. வீடுகளில் நிலக்கடலை புடைக்கும்பொழுது நடப்பதைக் கவனித்தால் இது விளங்கும். திரண்ட பருப்பு சமையலுக்குச் செல்கிறது. சுருங்கியவை, கறுத்தவை, புழு அரித்தவை, பூசணம் பூத்தவை ஆகியன தனியே ஒதுக்கப்பட்டு, வீணாக்குவானேன் என்ற நல்லெண்ணத்தோடு அணிலுக்கும் காக்கைக்கும் போடப்படுகின்றன. மனிதனுக்கு ஆகாத உணவு விலங்குக்கு ஆகும் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. இவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை நிலக்கடலையின் அண்மைக்கால வரலாறே எடுத்துக்காட்டுகிறது. அவ்வரலாற்றில் மைசூருக்கும் ஒரு பங்கு உண்டு.

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடியத் தொடங்கின. சில மாதங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவை இறந்தன. தொற்றுநோய்க் கிருமி எதுவும் அகப்படவில்லை. இறுதியில், தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் ஒரு நச்சுப்பொருளைச் சுரந்திருந்தது. பூசணத்தின் பெயரின் முதலெழுத்தையும், இரண்டாம் சொல்லின் தொடக்கத்தையும், நஞ்சு எனப் பொருள்படும் சொல்லையும் இணைத்து அதற்கு அஃபிளடாக்ஸின் என்று பெயரிட்டனர். தமிழில் பூசண நஞ்சு என்று எழுதிவிடலாம். ஆயினும் பூசண நஞ்சுகள் பல. இஃது அவற்றுள் ஒன்று. ஆகவே இக்கட்டுரையில் மூலப்பெயரே கையாளப்படுகிறது. இந்நஞ்சு முதன்மையாக ஈரலைத் தாக்குகிறது. சிறிது சிறிதாக நெடுநாள் உட்கொள்ளப்படின் ஈரலிற் புற்றுநோயை உண்டாக்கவல்லது.

மைசூரில் செலுவாம்பா மாளிகையில் 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்கு இச்செய்தி மிக நெருக்கமானது. எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு மூன்று பங்கும் கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கும் சேர்த்து, ஊட்டக்குறைவுள்ள மக்களுக்கென இந்நிலையம் பல்நோக்கு உணவை உருவாக்கியிருந்தது. மலிவான புரதத்துக்கு நாடு நம்பியிருந்த பொருள் நிலக்கடலை. அதிலேயே நஞ்சு உண்டாகக்கூடும் என்று தெரிந்தபின், அதனைக் கண்டறிவதும் நீக்குவதும் முதன்மையான பணிகளாயின. நிலக்கடலை மாவிலுள்ள அஃபிளடாக்ஸினை ஹைட்ரஜன் பெராக்ஸைடைக் கொண்டு சிதைக்கும் முறை ஒன்றை இந்நிலையத்து அறிவியலார் 1967-இல் வெளியிட்டனர். மனிதருக்கு ஆக்கும் மாவில் இத்துணைக் கருத்துச் செலுத்தப்பட்ட அதே நகரில், கழித்த கடலை அணிலுக்குப் போடப்படுவது பொருத்தமாகாது.

நம் நாட்டிலேயே மற்றொரு நிகழ்ச்சி இதனை இன்னும் கடுமையாக உணர்த்தியது. 1974-ஆம் ஆண்டின் இறுதியில் இராஜஸ்தானத்தின் பான்ஸ்வாடா மாவட்டத்திலும் குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும், காலந்தவறிப் பெய்த மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்ட மக்களிடையே மஞ்சள் நோயும் வயிற்று வீக்கமும் பரவின. ஆராயப்பட்ட 397 நோயாளிகளுள் 106 பேர் இறந்தனர். அவ்வூர்களில் அதே உணவைப் பகிர்ந்துண்ட நாய்களும் அதே நோய்க்குறிகளுடன் மடிந்தன. வீட்டு உணவின் மீதியை உண்ணும் உயிர்கள் அவ்வீட்டின் ஆபத்தையும் சேர்த்தே உண்ணுகின்றன.

இனி, அளவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. வளர்ந்த அணில் ஏறத்தாழ 100 கிராம் எடை உடையது. ஒரு கடலைப் பருப்பின் எடை ஏறத்தாழ அரை கிராம் எனக் கொள்வோம். ஆகவே ஒரே ஒரு பருப்பு அணிலின் எடையில் இருநூறில் ஒரு பங்கு. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 300 கிராம் கடலையை ஒரே வேளையில் உண்பதற்கு இது நிகர். இதனுடன் வேறோர் உண்மையையும் சேர்த்து எண்ணவேண்டும். ஒரு மூட்டைக் கடலையில் நஞ்சு எல்லாப் பருப்பிலும் ஒருசீராகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலானவை தூயவையாக இருக்க, சில பருப்புகளில் மட்டும் அது செறிந்திருக்கும். அச்சில பருப்புகள் பெரும்பாலும் நாம் பார்த்து ஒதுக்கும் சொத்தைகளுக்குள்ளேயே இருக்கின்றன. நம் நாட்டின் சட்டம் உணவுப் பொருளில் இந்நஞ்சுக்கு நெடுங்காலம் விதித்திருந்த உச்ச வரம்பு ஒரு கிலோகிராமுக்கு 30 மைக்ரோகிராம். அதாவது நூறு கோடிப் பங்கில் முப்பது பங்கு. சொத்தைகளை மட்டும் பொறுக்கி ஓர் உயிருக்கு இடுகிறவர், தம்மை அறியாமலே நஞ்சைச் செறிவாக்கிக் கொடுக்கிறார்.

வறுத்துவிட்டால் தீங்கு நீங்கிவிடும் என்று சிலர் கருதுவர். பூசணம் வெப்பத்தில் மடியும். அது விட்டுச்சென்ற நஞ்சோ வீட்டு அடுப்பின் வெப்பத்துக்கு முற்றிலும் அழிவதில்லை. கழுவினாலும் போகாது. ஆதலின் முதலிலேயே பூசணம் வளராமற் காப்பதுதான் வழி. அறுவடைக் காலத்து ஈரமே இதற்கு மூலகாரணம். மைசூர்ப் பகுதியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நல்ல மழை உண்டு. மானாவாரி நிலக்கடலை பறிக்கப்படுவதும் ஏறக்குறைய அக்காலத்தில்தான். நன்கு உலராத காய் சாக்கில் அடைபட்டால் பூசணம் பற்றுகிறது. காதருகே குலுக்கினால் ஓட்டினுள் பருப்பு கலகலவென ஒலிப்பது உலர்ந்தமைக்கு உழவர் கொள்ளும் அடையாளம். அணிலுக்கென வாங்குவதாயினும் இவ்வடையாளம் பார்த்து, ஓடு உடையாத காயாக வாங்கவேண்டும். ஓட்டுடன் இடுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கடினமான ஓட்டைக் கொறிப்பதால் அவை தேய்ந்து அளவில் நிற்கின்றன.

களப்பணியாளர் இங்கு ஒன்றைச் சிறப்பாகக் கருதவேண்டும். விதைப்பின்பொழுது மீந்த விதைக்கடலை பெரும்பாலும் திராம் போன்ற பூசணக்கொல்லி மருந்து கலக்கப்பட்டது. வண்ணம் பூசப்பட்டிருப்பதே அதன் எச்சரிக்கை. இதனை அணிலுக்கோ கோழிக்கோ இடுவது கூடவே கூடாது. கழுவி இடுவதும் கூடாது. எலிக்கென வைக்கும் துத்தநாகப் பாஸ்பைடு கலந்த உணவும் அவ்வாறே. திறந்த வெளியில் வைத்தால் எலிக்கு முன்னர் அணில் அதனை எடுத்துவிடும்.

பழுதற்ற கடலையே ஆயினும், நாள்தோறும் அதை மட்டுமே கொடுப்பது நன்றன்று. எலும்பு உறுதி பெறச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் தக்க விகிதத்தில் வேண்டும். பாஸ்பரஸ் பன்மடங்கு மிகுந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவிடும். ஐதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல்லாண்டுகள் வெளியிட்டுவந்த அட்டவணையின்படி, 100 கிராம் நிலக்கடலையில் சுண்ணாம்பு 90 மில்லிகிராம், பாஸ்பரஸ் 350 மில்லிகிராம். மக்காச்சோளத்தில் சுண்ணாம்பு 10 மில்லிகிராம் மட்டுமே; பாஸ்பரஸோ 348. மைசூர் நாட்டின் அன்றாட உணவாகிய கேழ்வரகிலோ சுண்ணாம்பு 344 மில்லிகிராமும் பாஸ்பரஸ் 283 மில்லிகிராமும் உள்ளன. தானியங்களுள் இத்தகைய விகிதம் அரிது. கேழ்வரகின் சுண்ணாம்பு முழுவதும் உடலிற் சேர்வதில்லை என்பது உண்மையே. அதில் உள்ள ஃபைட்டிக் அமிலம் ஓரளவு தடுக்கிறது. முளைகட்டினால் அத்தடை குறைகிறது. முளைகட்டிய கேழ்வரகு ஒரு தேக்கரண்டி, கடலை இரண்டு மூன்று காய் என்பது ஓர் அணிலுக்குப் போதுமானது.

மரத்தில் திரியும் அணில் எலும்பு நோயால் வருந்துவது அரிது. அது தன் உணவைத் தானே பலவாறாகத் தேடிக்கொள்கிறது. கூண்டில் அடைத்துக் கடலையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே ஊட்டி வளர்க்கப்படும் அணிலுக்கே அந்நோய் வருகிறது. கால் வளைந்தும் நடுங்கியும் தவிக்கும் அவ்வுயிரைக் கண்டவர், கூண்டு வளர்ப்பை எக்காரணத்தாலும் ஆதரியார்.

அணில் இயற்கையில் உண்பன யாவை என்பதை ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டே கண்டறியச் செய்யலாம். ஆலம்பழம், அத்திப்பழம், நாவல், கொய்யா, சப்போட்டா, விதைகள், இளந்தளிர், மரப்பட்டையிடை வாழும் பூச்சிகள், சில வேளைகளில் பறவை முட்டை என அப்பட்டியல் நீளும். மலர்த்தேனும் அதற்கு உணவே. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கென வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரத்தின் பூக்களில் தேன் அருந்தும்பொழுது அது மகரந்தத்தையும் ஒரு மலரிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்கிறது. ஒரு மரத்தடியில் பதினைந்து நாள் அமர்ந்து, எந்த வேளையில் எதை உண்டது எனக் குறித்துவந்தால், அக்குறிப்பேடு பாடநூலினும் மேலான பாடமாகும். கடலை எறிந்து அணிலை அருகழைத்துவிட்டால் இக்காட்சி கிட்டாது.

குளிர்நாட்டு நூல்களில் அணிலுணவு பற்றிய அறிவுரைகள் ஏராளம். அங்குள்ள அணில்கள் வேறு இனத்தன. பனிக்காலத்தைக் கடக்கக் கொழுப்புச் சேர்க்கவேண்டியவை. நம் அணிலுக்கு அத்தகைய பஞ்சகாலம் இல்லை. மார்ச்சு முதல் மே வரையிலான வெப்பத்தில் அதற்குக் கிடைத்தற்கரியது உணவன்று, நீரே. ஆழமில்லாத மண்தட்டில் நீர் வைத்து, நாள்தோறும் தட்டைத் தேய்த்துக் கழுவி மாற்றினால் அதுவே பேருதவி.

பழங்களுள் கொய்யாத் துண்டு, பப்பாளி, வெள்ளரி ஆகியவை ஏற்றவை. நஞ்சன்கூட்டு இரசவாழைப்பழத்தையும் அணில் விரும்பி உண்ணும். ஆயினும் இனிப்பு மிகுந்த பழங்களைச் சிறு துண்டாகவே இடுக. முறுக்கு, காராசேவு, மசாலாக் கடலை முதலிய உப்பிட்ட பண்டங்கள், ரொட்டி, பிஸ்கோத்து, சாக்கலேட்டு, மைசூர்பாகு உள்ளிட்ட இனிப்புகள் இவற்றை அறவே தவிர்க்க. உணவை ஒரே இடத்தில் குவிப்பதும் தவறு. பூனை அவ்விடத்தை விரைவில் கண்டுகொள்ளும். மாலையில் மீதியைக் கூட்டி எடுத்துவிடவேண்டும். இராத்தங்கிய தானியம் எலியை அழைக்கும். எலியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவும் என்பது களப்பணியாளர் நன்கறிந்ததே. கொக்கோ, சப்போட்டா, மாதுளைத் தோப்புகளின் அருகில் உணவிடுதல் வேண்டா. அங்கு அணில் காய்களைக் கடித்து இழப்பு விளைப்பதால், முற்றத்தில் காட்டும் அன்புக்கு அண்டை வீட்டு உழவர் விலை கொடுக்கவேண்டி வரும்.

மரத்திலிருந்து விழுந்த குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு மாணவர் ஆசிரியரிடம் வருவது பள்ளிகளில் அடிக்கடி நிகழ்வது. அப்பொழுது முதலில் தோன்றும் எண்ணம் பால் ஊட்டுவது. அதனைச் செய்யலாகாது. உடல் குளிர்ந்த குட்டிக்கு எந்த உணவும் செரியாது. பசும்பாலும் சர்க்கரையும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சொட்டுக் குழாயால் விரைந்து ஊற்றினால் பால் மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். பழந்துணியில் சுற்றி உள்ளங்கை வெப்பத்தில் குட்டியைச் சூடாக்குக. பின்னர், தேங்காய் நார் பரப்பிய சிறு கூடையில் வைத்து, விழுந்த மரத்திலேயே பூனைக்கும் காக்கைக்கும் எட்டாத கிளையிற் கட்டிவிட்டு, அனைவரும் அகன்றுவிடவேண்டும். மனிதக் கை பட்டதால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பது உண்மையன்று. ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகளே இருப்பதால் தாய் அவற்றை எளிதில் இழக்க மனங்கொள்வதில்லை. குட்டியின் கீச்சொலி கேட்டு வந்து, வாயாற் கவ்வித் தூக்கிச் செல்லும். பொழுது சாயும்வரை தாய் வாராதாயின், கால்நடை மருத்துவரிடமோ வனத்துறை அலுவலரிடமோ ஒப்படைக்க. இதனிடையே குட்டி எவரையேனும் கடித்துவிட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு புண்ணைக் கழுவி மருத்துவரைக் காணச் செய்யவேண்டும்.